வேனில் போன இடம்

டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேன்களுக்கு ஆள் பிரித்துப் போடுவதுதான் அக்காவின் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"நீங்க செய்றத அப்படியே எழுதிக் குடுங்கக்கா, ஏஐ ஆப்பே எல்லாத்தையும் பண்ணிடும்" என்றார் முதலாளி.

யாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும், யார் எந்தத் தெருவில் ஏறுவார் என்று எல்லாம் எழுதினாள். தொடர்ந்து வராதவர் பெயரை எடுத்துவிட்டு, காத்திருப்பவருக்கு இடம் கொடு, புதிதாகச் சேர்பவரை வரிசையில் கடைசியில் வை என்றும் எழுதினாள். ஆப் அதை அச்சுப் பிசகாமல் செய்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

பெயரை எடுக்கும் முன் அவள் வீட்டுக்குப் போன் போட்டு விசாரிப்பது வழக்கம். அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை என்பதால் எழுதவில்லை.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் சில நாள் வேனில் வராத நோயாளி ஒருவர், ஒரு தையல்காரர், வீடு திரும்பி, வாசலில் வேனுக்குக் காத்திருந்து ஏமாந்து, மூச்சிரைக்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாம்மா?"

ஆப் அவர் பெயரை எடுத்துவிட்டது; அவர் இடத்தில் இப்போது ஒரு கைக்குழந்தைக்காரி டயாலிசிஸுக்குப் போகிறாள். அவளை எப்படி இறக்கிவிடுவது?

"ஒரு வரி சேர்த்துட்டா போச்சுக்கா" என்றார் முதலாளி, தலையைத் தூக்காமல்.

சேர்த்தாள். இனிமேல் யாருக்கும் இப்படி நடக்காது. தையல்காரர் பெயரை மட்டும் ஆப் காத்திருப்போர் வரிசையில் கடைசியில் வைத்தது. அதுவும் அவள் எழுதிக் கொடுத்த விதிதான்.

"அப்ப நாளைக்கு வேன் வந்துடுமாம்மா?"

அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நாளைக்குப் பஸ்ல போயிடுங்கப்பா."