கமலவேணி பார்த்த ஏரி

கிரைண்டர் ஓடும்போதுதான் கமலவேணி தூங்குவாள். ஊறிய உளுந்தைப் போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தால் போதும், தலை தொங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாத அந்தக் கடகடச் சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு. மாவு பொங்கி வருகிற நேரத்துக்கு யாரும் எழுப்பாமல் கண் திறப்பாள். நடுவில் கரண்ட் போய்க் கிரைண்டர் நின்றுவிட்டால் திடுக்கிட்டு விழித்து, "யாரு நிறுத்துனது?" என்று வீட்டைப் பார்த்துக் கேட்பாள். சத்தத்தில் தூங்குகிறவள் சத்தம் நின்றால் எழுந்துகொள்வாள்.

அந்தக் கடகடப்புக்கு நடுவிலும் அவளை எழுப்புகிற சத்தம் ஒன்று உண்டு. இரும்புக் கட்டில் கம்பியில் எவர்சில்வர் கரண்டி தட்டுகிற சத்தம். அது கேட்டால் கண் திறப்பதற்கு முன்பே வாய் திறக்கும். "தோ வந்துட்டேன்."

முத்தியால்பேட்டையில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்தில் அவள் வீடு. முன்னறையில் ஒரு பக்கம் கிரைண்டர், மறுபக்கம் கட்டில். அந்தச் சந்தில் பாதி வீடுகளுக்கு இட்லி மாவு இங்கிருந்துதான் போகிறது. வயது அறுபதை நெருங்குகிறது. புடவையை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகியிருப்பாள். நெற்றியில் குங்குமத்துக்குப் பக்கத்தில் காய்ந்த மாவு ஒட்டியிருக்கும். மாவில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பார்த்ததும் மறந்துபோய் மறுபடியும் வைத்துப் பார்ப்பாள். தூக்கத்தை அவள் ஓர் ஆளாகவே வைத்துப் பேசுவாள். "அவன் வந்து நிக்கிறான், நான் இன்னா பண்றது? செத்த ஒக்காருடான்னு சொல்லிட்டு வேலயப் பாக்கறேன்."

கட்டிலில் கிடப்பவர் அவள் புருஷன் கலியபெருமாள். பஞ்சாலையில் இருந்தவர். ஆலை மூடியபிறகு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். ஒருநாள் காலையில் டூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பக்கவாதம். வலப்பக்கம் முழுதும் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல். "அதான்." பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான். அதுவும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும் என்பதால் இடது கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துவைத்தாள் கமலவேணி. அவர் தட்டினால் இவள் போக வேண்டும். எந்தத் தட்டல் தண்ணீருக்கு, எது புரட்டிப் படுக்கவைக்க, எது சும்மா முகத்தைக் காட்டிவிட்டுப் போக என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. புரட்டாமல் விட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொன்னது அவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவள் ஓர் இரவையும் முழுதாகத் தூங்கியதில்லை. இத்தனைக்கும் தூக்கம் பிடிக்காதவளா என்றால் இல்லை. கல்யாணமான புதிதில், பொழுது விடிந்தும் எழாதவள் என்று மாமியாரிடம் பேர் வாங்கியவள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் மலைமேல், ஏரிக்கரையில், பெரிய மனிதர்கள் தங்குகிற ஓட்டலில் போய் இருந்துவிட்டு வருகிற யோகம் அடித்தது.

மகள் சுடர்விழி கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறாள். அதே முதலாளிக்குக் கொடைக்கானலிலும் ஓர் ஓட்டல் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்த் தங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் வழக்கம். கல்யாணமாகாத பெண், யாரை அழைத்துப் போவாள்? அம்மாவிடம் கெஞ்சினாள், அழுதாள், ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். கடைசியில் தவளக்குப்பத்திலிருந்து அத்தை அஞ்சலாட்சியை வரவழைத்துவிட்டாள். கலியபெருமாளின் அக்கா. பையோடு வந்து இறங்கிய நாத்தனாரைத் திருப்பி அனுப்ப முடியுமா? கிளம்பும்போது கமலவேணி கரண்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். கலியபெருமாள் அவளைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஓட்டலைப் பற்றிச் சொல்ல அவளிடம் அதிகம் இல்லை. அறைக்கு ஒரு பக்கம் சுவரே கிடையாதாம், முழுக்கக் கண்ணாடியாம், தரைவரைக்கும் திரையாம். படுக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். சாய்ந்ததுதான் அவளுக்குத் தெரியும். மகள் எழுப்பியபோது மறுநாள் ஆகியிருந்தது.

எழுந்து திரையை விலக்கினாள். வெளியே ஒன்றுமே இல்லை, ஒரே வெள்ளை. அத்தனையும் பனி. ஏரி அதற்குப் பின்னால் இருக்கிறது, செத்த நேரத்தில் தெரியும் என்றாள் மகள். சரி, தெரியும்போது கூப்பிடு என்று திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள்.

எண்ணெய் தேய்த்துவிடுகிற இடத்துக்கும் மகள் கைப்பிடியாய் அழைத்துப் போனாள். அதற்குப் பேர்தான் ஸ்பா. மணிப்பூரோ மிசோரமோ, ஒரு சின்னப் பெண், கமலவேணியின் தோளில் கையை வைத்ததுதான் தாமதம், குறட்டை கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு துப்பட்டியைப் போர்த்திவிட்டு, நேரம் முடியும்வரை பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். பிறத்தியார் தூக்கத்துக்குக் காவல் இருக்கிற பிள்ளை எந்தத் தாய் பெற்றதோ, நன்றாக இருக்கட்டும்.

கிளம்புகிற காலையில்தான் அந்தக் கூத்து. சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், அவித்த முட்டையைக் குட்டிக் கிண்ணத்தில் நிறுத்தி, ஓட்டை உடைக்கக் கரண்டியால் தட்டினார். டக் டக். கமலவேணி ரொட்டியை அப்படியே போட்டாள். "தோ வந்துட்டேன்" என்றபடி போய், அவர் கக்கத்தில் கையைக் கொடுத்து, முதுகில் ஒரு கையைத் தாங்கி, மனிதரைப் பாதி தூக்கியும் விட்டாள். அப்புறம்தான் இது நம் வீட்டு ஆள் இல்லை என்று முகம் பார்த்து விளங்கியது. பெரியவர் பாவம், தூக்கிய தூக்குக்கு எழுந்து நின்று கும்பிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது.

சுடர்விழி காரில் வரும்போதுதான் அழுதாள். படகில் கூட்டிப் போக ஆசைப்பட்டேன், ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று நினைத்தேன், நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன் என்றெல்லாம் சொன்னாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு வேண்டுகோள் வைத்தாள்.

"தூங்கிட்டு வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. நல்லா சுத்திப் பாத்தோம்னு சொல்லு."

சரி என்றாள் கமலவேணி. மகள் ஆசையாகச் செய்ததை மண்ணாக்கிவிட்டோமே என்று அவளுக்கும் உறுத்தல்தான்.

ஊர் சும்மா விடுமா? மாவு வாங்க வருகிற ஒவ்வொருத்தியும் ஏரியைக் கேட்டாள். முதலில் கேட்டவள் எதிர்வீட்டு ஆதிலட்சுமி. மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் என்பதால் அந்த வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பேர். உலகத்தில் எது நல்ல ஓட்டல் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். துருவித் துருவிக் கேட்டாள். கமலவேணிக்குத் தெரிந்த ஏரி ஒன்றுதான், ஊசுட்டேரி. ஆலை இருந்த காலத்தில் கலியபெருமாளோடு சைக்கிளில் போய்ப் பார்த்தது. அதையே தூக்கிக் கொண்டுபோய் மலைமேல் வைத்தாள். கரையோரம் நாணல் வைத்தாள், நாரையையும் நீர்க்காக்கையையும் இறக்கிவிட்டாள், குளிரை மட்டும் கூடச் சேர்த்தாள். சொல்லச் சொல்ல ஏரி பெரிதாகிக்கொண்டே போனது. படகில் சுற்றியதாகவும், தண்ணீரில் கையை விட்டதாகவும், சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாகவும் வந்துவிட்டது.

இதையெல்லாம் இரண்டு எட்டு தள்ளிக் கட்டிலில் கிடந்தபடி ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கலியபெருமாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சி கொடுத்தால் வாயைத் திறப்பார், கண்ணைத் திறக்கமாட்டார். ஆனால் கரண்டி மட்டும் ஓயவில்லை. முன்பெல்லாம் தேவைக்குத் தட்டியவர் இப்போது அவள் வாசலைத் தாண்டினாலே தட்டினார். போய் நின்றால் ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கொழுக்கட்டை மாதிரி வீங்கிய கண்ணோடு அவள் கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒருநாள் அசந்த நேரத்தில் முந்தானை நழுவிக் குழவியில் மாட்டி இழுத்தது. நல்லவேளை, சுடர்விழி வீட்டில் இருந்தாள், ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அன்றைக்கே அவள் அத்தையிடம் போனில் பேசினாள். மாதம் இரண்டு நாள் வந்து இருங்கள், அம்மாவை என் தோழி வீட்டில் கொண்டுபோய்த் தூங்கவைக்கிறேன் என்றாள். அஞ்சலாட்சி நியாயமாகத்தான் பதில் சொன்னாள்.

"நான் வரமாட்டேன்னு சொல்லலடி. ஒங்கப்பன் என் கையால ஒழுங்கா ஒரு வாய் வாங்கல. வாசலயே பாத்துக்கினு கெடந்தான். அவன் சம்மதிக்காம நான் வந்து இன்னா பண்றது?"

ஆக, கமலவேணிக்கு இனி தூக்கம் உண்டா இல்லையா என்பது கலியபெருமாளின் கையில் இருந்தது. நகர்கிற ஒரே கை. அந்தக் கையில் கரண்டி.

போன வியாழக்கிழமை மத்தியானம், உளுந்தைப் போட்டுக் கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலுக்கு வந்தாள். நாலு வாய் ஊட்டியிருப்பாள். ஐந்தாவது வாய்க்கு அவள் கை போய்ச் சேரவில்லை. எடுத்த கஞ்சியோடு அந்தரத்தில் நின்றது. அப்படியே தூங்கியிருக்கிறாள். கஞ்சி சொட்டி அவர் மார்பு நனைந்தபோது முழித்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் அங்க ஒண்ணியும் பாக்கலங்க" என்றாள். கிரைண்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டும் என்று காதருகே குனிந்துதான் சொன்னாள். "ஏரியும் பாக்கல, படகும் ஏறல. படுத்தேன், தூங்குனேன். வர்ற வரைக்கும் தூங்குனேன். அவங்க கேட்டதுக்குச் சொன்னதெல்லாம் நம்ம ஊசுட்டேரி."

கலியபெருமாள் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தையே பார்த்தார். நாணலும் நாரையும் எங்கேயோ பார்த்ததாக அவருக்கும் பட்டிருக்கும். கூட நின்று பார்த்தவராயிற்றே.

"அதான்" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். அங்கே ஒரு பெரியவர் முட்டையைத் தட்டியதையும், நீங்கள்தான் கூப்பிடுகிறீர்கள் என்று ஓடிப்போய் அவரைத் தூக்கியதையும் சொன்னாள். அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அந்த முகத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் வாயைத் துடைத்துவிட்டு, கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சரிந்தாள். வெறுந்தரையில் கையை மடித்துத் தலைக்கு வைத்தது வரைக்கும்தான் அவளுக்கு நினைவு.

மாவு பொங்கி வந்தது. எப்போதும் அந்த நேரத்துக்குத் தானாகத் திறக்கிற கண் அன்றைக்குத் திறக்கவில்லை. மாவு விளிம்பில் வழிய ஆரம்பித்தது. கலியபெருமாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தட்டினால் எழுந்துவிடுவாள். கரண்டி கையில்தான் இருந்தது.

தூக்கை எடுத்துக்கொண்டு ஆதிலட்சுமி வந்தாள். தரையில் கிடந்தவளைப் பார்த்தாள், வழிகிற மாவைப் பார்த்தாள். இன்னும் ஓடினால் மாவு சூடேறி வீணாகிவிடும் என்று பதறி, சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

கலியபெருமாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். வேண்டாம் என்று ஆட்டினார். பிறகு கரண்டியைத் தன் உதட்டின் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

ஆதிலட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.