சட்டத்தை மீறிய குடோன் சார்

"நாலு பேருக்குச் செஞ்சு பழகின உடம்பு இது. எனக்கு ஒருத்தர் செய்யணும்னு இந்த ஜென்மத்துல வாயைத் திறக்க மாட்டேன்."

என் சகலை இப்படி அறிவித்தபோது, அவர் போட்டுக் கொடுத்த தேநீர் எங்கள் எல்லோர் கையிலும் இருந்ததால் யாராலும் கைதட்ட முடியவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். ஒரு காகிதக் கம்பெனியின் கிடங்கைக் கட்டிக் காப்பவர். உறவுக்குள் குடோன் சார் என்று சொன்னால்தான் தெரியும். இந்தப் பட்டம் கம்பெனியால் வந்ததா, வீட்டால் வந்ததா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. காரணம், அவர் வீட்டுப் பின்னறைதான் எங்கள் குடும்பத்துக்கே இலவசக் கிடங்கு. அடுக்குமாடிக்குக் குடிபோன மச்சான் ஒரு கட்டிலை அங்கே "ஒரே ஒரு வாரம்" வைத்தான். அதற்குப் பிறகு அவன் இரண்டு வீடு மாறி, ஒரு கல்யாணமும் செய்துகொண்டான். கட்டில் மட்டும் நகரவில்லை. என் உடற்பயிற்சி சைக்கிளும் அங்கேதான் இருந்தது. எங்கள் இருவரில் அதுதான் இளைத்தது.

அவர் ஏன், எதற்கு, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டதில்லை. "வெச்சுட்டுப் போங்க" என்பார். வைத்தவன் மறந்துவிடுவான், அவர் மறக்க மாட்டார். கட்டிலைக் கரையான் அண்டாமல் துடைப்பார், சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். பதிலுக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தால்கூட, "அதையும் உள்ளே வெச்சுடறேன்" என்று அறையில் சேர்த்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதருக்கு நன்றிக்கடன் படலாமே தவிர, தீர்க்க முடியாது.

அப்போதுதான் அவர் மகளுக்கு இந்த ஊருக்கே மாற்றல் வந்தது. தவழ ஆரம்பித்த பேத்தியும் கூட வருகிறாள். "பின்ரூம் காலியானா உங்களோடவே இருக்கேம்பா. இல்லன்னா ஆபீஸ் பக்கமா வாடகைக்குப் பாத்துக்கறேன்" என்றாள். ஆபீஸ் ஊரின் மறுகோடி. பேத்தியை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகப் பார்ப்பதா, தினம் காலடியில் பார்ப்பதா என்பது அந்த அறையின் கையில் இருந்தது.

சாமான்களை வெளியே அனுப்ப அவருக்கு மனம் இல்லை. ஆகவே மேலே அனுப்ப முடிவு செய்தார். ஓட்டுக் கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே ஆள் குனிந்து நடக்கும் அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. பலகை அடித்தால் பரண். அவ்வளவுதானே?

தச்சர் வந்தார், ஏறினார், தலையில் ஒட்டடையோடு இறங்கினார், ஒரு தொகை சொன்னார். சகலை சிரித்தார்.

"பலகை விலை எனக்குத் தெரியாதா? இது பரணா, மாளிகையா?"

"பலகை மட்டும் இல்லீங்க. உள்ள சூடு இறங்காம இருக்கப் பஞ்சு பரப்பியிருக்கு. அதை அமுக்காம உசத்திக் கட்டணும். ஏறுற வாசலைப் பெருசாக்கணும். மடக்கு ஏணி வேணும். கூலி இருக்கு."

"நானே பண்ணிக்கறேன்."

தச்சர் வருத்தப்படவில்லை. வாசலில் செருப்பை மாட்டியபடி, "ஒண்ணே ஒண்ணுங்க. சட்டத்தை விட்டு வெளிய கால் வைக்காதீங்க" என்றார்.

சகலைக்குச் சுருக்கென்றது. "கம்பெனில ஒரு காகிதக் கட்டு குறைஞ்சதில்ல. என்கிட்ட வந்து சட்டம் பேசறான் பாருங்க" என்று எங்களிடம் பொருமினார். தச்சர் சொன்னது உள்கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தை. இவர் புரிந்துகொண்டதோ அரசாங்கச் சட்டத்தை. நாங்களும் அதையேதான் புரிந்துகொண்டோம் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

அறுக்கக் கூலி கேட்பார்கள் என்று முழுப் பலகைகளாக வாங்கிவந்தார். அவை பரண் வாசலில் நுழையவில்லை. கூடத்தில் போட்டு அவரே அறுத்தார். நான் எழுந்தபோது, "நீங்க உக்காருங்க சகலை, சட்டை அழுக்காயிடும்" என்றார். உட்கார்ந்தேன். இந்த விஷயத்தில் நான் எப்போதுமே பெரியவர்கள் சொல் கேட்பவன்.

மேலே சற்று நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மடார். கூடத்து மின்விசிறிக்குப் பக்கத்தில் முழங்கால் வரை ஒரு கால் இறங்கி, தரையைத் தேடியது.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். "இவர்தான். சாக்ஸை உல்டாவா போட்டிருக்கார் பாருங்க."

மேலிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் ஆகல. யாரும் வர வேண்டாம்."

தச்சர் மறுபடி வந்து ஓட்டையைப் பார்த்தார். "எந்தச் சட்டம்னு விளக்கமா சொல்லாதது என் தப்புங்க" என்று பெருந்தன்மையாகப் பழியை ஏற்றுக்கொண்டார். ஆனால் கூலியில் அந்தப் பெருந்தன்மை இல்லை: பழைய தொகையோடு உள்கூரை ரிப்பேரும் சேர்ந்துகொண்டது. அறுத்த பலகைகள் எதற்கும் உதவாது.

சகலை சிரிக்கவில்லை. சேமிப்பைப் பலகையில் போட்டுவிட்டார். போனை எடுத்து மகளின் எண்ணைத் தேடினார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் அக்கா.

"அங்கயே வீடு பாத்துக்கச் சொல்றேன். குழந்தைக்கும் அங்க காத்தோட்டமா இருக்கும்." இதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று மாலையே என் மனைவி, அந்த அறையில் சாமான் வைத்திருந்த மச்சானிடமும் சின்ன மாமாவிடமும் மற்ற எல்லோரிடமும் வசூல் நடத்தினாள். என்னிடம் நடந்ததை வசூல் என்று சொல்ல முடியாது. பர்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. மறுநாள் காலை பணம் போட்ட கவரைச் சகலை முன்னால் வைத்தாள்.

"என்னது இது?"

"வாடகை அத்தான்."

"நான் வாடகைக்கு விடல."

"சரி. அப்ப வண்டியைக் கூப்பிட்டு இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறோம். சைக்கிளை இவர் பக்கத்துல படுக்க வெச்சுக்கட்டும்."

"அதுக்கு அங்க எண்ணெய் விட யார் இருக்கா?" என்றார் பதறிப்போய்.

"யாரும் இல்ல. அதனாலதான் இது."

அக்கா போனை எடுத்து அலமாரியில் வைத்தாள். மகளோடு அவர் இன்னும் பேசியிருக்கவில்லை. கவரையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

தச்சர் பரணைக் கட்டி முடித்தார். பஞ்சுக்கு மேல் உயர்த்தி, அழகாக, வரிசையாக. மகள் வருவதற்கு முந்தின நாள் சாமான் ஏற்றப் போனோம். வழக்கம்போல் நான் நாற்காலியில் இடம் பிடித்தேன். பின்னறையிலிருந்து கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது; நின்றது; மறுபடி கேட்டது; நின்றது.

அறை வாசலில் சகலையின் தலை தெரிந்தது.

"சகலை, சட்டை அழுக்கானா பரவால்லையா?" என்றார் மெதுவாக. "தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க. என்னால ஆகல."