மறுநாள் காலை யார் பார்ப்பார்கள்?

செய்தி வந்தபோது நான் மூலக்குளம் போகும் வழியில் உள்ள நம் சாலைச் சந்திப்பில், சிவப்பு விளக்குக்காக ஸ்கூட்டரில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. சிக்னல் அறையில் வேலை பார்க்கும் செல்வி. "சார், ஃபிலோ மேடம் போயிட்டாங்க சார். விடியக்காலம் தூக்கத்துலயே." அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஒருவர் திட்டவும் செய்தார். நான் வண்டியை எடுக்கவில்லை. அந்த இடத்தில் வழியை மறித்து நின்றதற்கு மேடம் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார் என்பது, ஓரமாக ஒதுங்கிய பிறகுதான் உறைத்தது.

உங்களில் பலர் அவரோடு பழகியவர்கள். மற்றவர்களுக்காக இந்த அஞ்சலியில் சொல்கிறேன். ஃபிலோமினா மேடம் நம் ஊர்ச் சாலைத் துறையில் பொறியாளராக இருந்து, என் பிரிவுக்குத் தலைமை ஏற்று, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஆனால் அக்கா என்று கூப்பிட விட மாட்டார். அப்பா மில் தொழிலாளி. அவருடைய ஷிப்டுக்குத் தகுந்தபடி சோறு வடித்த வீடு. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் பிரெஞ்சில் "மெர்சி" என்பார், திட்ட வேண்டிய இடத்தில் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்தோம்.

நான் கான்கிரீட் ஆசாமி. கட்டுவதுதான் வேலை, மற்றதெல்லாம் எடுபிடி என்று நினைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். இந்தச் சந்திப்பில் நெரிசல் தாங்கவில்லை என்று ஒரு மேம்பாலம் வரைந்தேன். நானே சொல்லக் கூடாது, ஆனால் அழகான பாலம். துறைக் கூட்டத்தில் பெரிய அதிகாரி படத்தை மேஜையில் விரித்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பாலம் வந்தால் தெற்கு ஓரத்தில் உள்ள வீடுகளும் கடைகளும் போய்விடும். மூடிய மில்களில் வேலை பார்த்தவர்கள் கீழே கடையும் மேலே குடித்தனமுமாகப் பிழைத்துவந்த வரிசை அது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "திறப்பு விழா முடிஞ்ச மறுநாள் காலைல, இத யாரு பாத்துப்பாங்க?"

ஆடிய தலைகள் நின்றன. உண்மையில் அப்படி ஒரு ஆளே எங்கள் துறையில் கிடையாது. போடுவதற்கு ஆள் உண்டு, உடைந்தால் ஒட்டுப்போட ஆள் உண்டு. போட்ட சாலை இன்று காலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க யாரும் இல்லை. "ரோடு போடறது கல்யாணம் பண்ற மாதிரி சார். நாம கல்யாணம் பண்ணி வச்சுட்டு சாப்ட்டுட்டு வந்துடறோம். குடித்தனம் யாரு பண்றது?" என்றார். பெரிய அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மழைக்காலம் முடியும்வரை தவணை கொடுத்தார். அதற்குள் இருக்கிற சாலையிலேயே நெரிசல் தீர்ந்தால் அந்த வரிசை பிழைக்கும். தீராவிட்டால் என் பாலம்.

அடுத்து அவர் செய்த காரியத்தைப் பார்த்து எங்கள் அலுவலகமே சிரித்தது. மத்தியானம் கடைகளெல்லாம் கதவை இறக்கி ஊரே கண்ணசருகிற நேரத்தில், சந்திப்பு ஓரத்து வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன், வேடிக்கை பார்க்கத்தான். "கண்ண மூடுங்க பாஸ்கர் சார். எது ஓடுதுன்னு கேக்காதீங்க, அது எல்லாருக்கும் கேக்கும். எது காத்துக்கிட்டு நிக்குதுன்னு கேளுங்க." மூடினேன். வெயில் இமைக்குள் செம்மஞ்சளாகப் பரவியது. எங்கோ ஒரு பஸ் நின்ற இடத்திலேயே உறுமியது. ஒரு சைக்கிள் கடந்து போனது. இலைகள் உதிரும் சத்தம்கூடக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நான் நிற்பது தார்ச்சாலையா தண்ணீரா என்றே தெரியவில்லை. அப்படி ஒரு மயக்கம். கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கினார். சிக்னலின் பொறுப்பு போலீசாரிடம், பஸ் இன்னொரு துறையிடம், சாக்கடை நகராட்சியிடம், தார் மட்டும்தான் எங்களிடம். நால்வரையும் வாரம் ஒருமுறை அதே மரத்தடியில் டீ குடிக்க வைத்தார். பஸ் நிறுத்தம் சந்திப்பைத் தாண்டித் தள்ளிப் போனது. விளக்கின் நேரம் காலைக்கு ஒன்று, பள்ளி விடும் பொழுதுக்கு ஒன்று என்று மாறியது. சரக்கு லாரிகள் காலையில் வந்து கடைமுன் நின்று பாதிச் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. சாலை வெறிச்சோடிக் கிடக்கிற மத்தியானத்தில் வந்து இறக்கட்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார்.

சாலை ஏன் வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதை இந்த ஊரிலேயே பிறந்த அவர் எப்படி மறந்தாரோ! லாரிகள் சொன்னபடி வந்தன. கடைக்காரர்கள் வழக்கம்போலத் தூங்கினார்கள். தட்டிப் பார்த்துச் சலித்து டிரைவர்களும் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தார்கள். நான் போனபோது சந்திப்பு முழுக்கக் குறட்டை. நாய்கூட எழுந்திருக்கவில்லை. அந்தத் தூக்கத்தின் நடுவே, யாரையும் எழுப்ப மனசு வராமல், மேடம் குடையோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தார். ஏதோ கனவுக்குள் தவறி நுழைந்துவிட்டது போல் எனக்கு இருந்தது. நான்கு மணிக்குக் கடைகள் திறந்ததும் லாரி, பள்ளி வேன், பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டன. அன்று மாலை பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, பாலத்தின் படத்தைத் தயாராக எடுத்து வைக்கச் சொன்னார்.

மேடம் அன்று அந்த வரிசைக்கு வீடு வீடாகப் போனார். ஒளிக்காமல் சொன்னார்: "நான்தான் தப்பா யோசிச்சேன். இது சரியாவலன்னா உங்க வீடு நிக்காது." மளிகைக் கடை வைத்திருந்த அஞ்சலையம்மாவுக்குக் கோபம். "மத்தியானம் கூட கண்ண மூடக் கூடாதாம்மா? இன்னா நியாயம் இது?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். மேடம் அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். "அம்மா, மில்லு ஓடனப்ப வீட்ல எல்லாருமா ஒரே நேரத்துல தூங்கனோம்?" என்று கேட்டார்.  அஞ்சலையம்மா எதிரில் வந்து உட்கார்ந்து, "ஷிப்ட்டு போடுன்ற" என்றார். "ஆமா." "மொத ஷிப்ட்டு நான் பாக்கறேன். சொல்லிட்டேன், எனக்குத் தூக்கம் வந்தா நீ வந்து உக்காரணும்." அப்புறம் வாரத்துக்கு ஒரு கடை விழித்திருந்து எல்லோருடைய சரக்கையும் இறக்கி வைத்தது. அந்த முதல் வாரத்தில் மேடம் இரண்டொரு முறை கல்லாவில் உட்கார்ந்து புளி விற்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

மழைக்காலக் கடைசியில் ஒரு சாயங்காலம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பள்ளி விட்ட நேரம். பெரிய அதிகாரி காரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கால் தண்ணீரில் போனோடு நின்றேன், மேடம் சிக்னல் அறையில் செல்வியோடு. மேடம் கேட்டார்: "எந்தப் பக்கம் கூட்டம்?" "மூலக்குளம் பக்கம்." "கொஞ்சம் பொறுங்க." எனக்கு முன்னே விளக்குகள் மழையில் கரைந்து பச்சையும் சிவப்புமாக ஓடின. வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, மிதந்து போவதுபோல் போய்க்கொண்டே இருந்தன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கடைசிப் பள்ளி வேனும் போன பிறகு பெரிய அதிகாரியின் கார் போனது, அவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. வரிசை பிழைத்தது. மறுநாள் மேடம் என் மேஜைக்கு வந்தார். "உங்க பாலம் ரொம்ப அழகு பாஸ்கர் சார். அத நான் கனவுல பாத்துக்கறேன்" என்றார். கேலி என்று நினைத்தேன். அவர் முகத்தில் கேலி இல்லை.

ஒருமுறை பெரிய மனிதர் ஒருவரின் காருக்காக எல்லா விளக்கையும் பச்சையில் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒருவர் பேசினார். ஆம்புலன்ஸ் தவிர யாருக்கும் முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். "காத்திருக்கறது ஒண்ணும் பாவமில்ல சார். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுக் குடுக்கணும், அவ்ளோதான்." போனை வைக்கும்போது மெர்சி சொல்ல மறக்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் சில மத்தியானங்களில் கூப்பிட்டு, "ரோடு நல்லாத் தூங்குதா?" என்று விசாரிப்பார். உடம்பைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். போன மாதம் புதிதாக வந்த அதிகாரி என் பழைய பாலத்தின் படத்தைக் கேட்டார். ஓடுகிற சாலையைக் காட்டி யாராலும் ரிப்பன் வெட்ட முடியாதில்லையா. அலமாரி மேலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இதை மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அவர் போய்விட்டார்.

மாலையில், கடைகள் மறுபடி திறக்கிற நேரத்தில் அவரை வீட்டிலிருந்து எடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு இந்தச் சந்திப்பு வழியாகத்தான் போக வேண்டும். நான் அமரர் ஊர்திக்கு முன்னால் நடந்தேன். போன் வந்தது. "சார், வண்டி தெரியுது. ஆனா செவப்பு சார்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "பச்சை குடுத்துடு செல்வி. ஒரே ஒரு தடவ." மறுமுனையில் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள்: "மேடம் திட்டுவாங்க சார்."

நின்றோம். ஊர்தி கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நின்றது. குறுக்கே பள்ளிப் பிள்ளைகள் ஓடிப் போனார்கள், மீன்கூடை ஏற்றிய ஆட்டோ போனது, ஒரு லோடு வண்டி காலியாகப் போனது. அஞ்சலையம்மா கடை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடினேன். எது காத்துக்கொண்டு நிற்கிறது என்று காதுகொடுத்துக் கேட்டேன். எனக்குப் பின்னால் என்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்ததில் அவருடைய பங்கை அவர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் நீளக் கூடாதா என்றிருந்தது. பச்சை விழுந்தது, போனோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்வி. அன்று கூட்டத்தில் யாரும் பதில் சொல்லாத கேள்வி. பாலத்தின் படத்தைச் சுருட்டி மறுபடி அலமாரி மேல் வைத்துவிட்டேன். அதிகாரி கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், கேட்கட்டும். அவரை அடக்கம் செய்த மறுநாள் காலை, பள்ளிகள் திறப்பதற்கு முன்பே, நான் அந்த வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.