மூன்றாம் பிரிவுக் கல்லூரியும் என் இடது கையும்

எங்கள் ஊர் லான்மடா கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடை வாசலில் நேற்று பத்து நிமிஷம் நின்றுவிட்டேன். செருப்பு வாங்க அல்ல. கொத்துக் கொத்தாகத் தொங்கிய புது ரப்பர் செருப்புகளின் வாடைக்காக. கடைக்காரப் பெண் என் காலைப் பார்த்துவிட்டு, "உங்க அளவு ஆம்பளைங்க பக்கம்தான் இருக்கும்" என்று பர்மியத்தில் சொல்லிக் கை காட்டினாள். எனக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். ஒன்பதாம் வகுப்பிலேயே நான் ஐந்தடி ஒன்பது அங்குலம்.

புது ரப்பர் வாடை என்றால் எனக்குப் புதுக் கூடைப்பந்துதான். எங்கள் வீடு இருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதையை ஒட்டி ஒரு சிமென்ட் தளம் இருந்தது. இரண்டு கம்பம், இரண்டு வளையம், வலை ஒன்றில் மட்டும். புதுப் பந்து வந்த அன்று ஆடுவதைவிட மோந்து பார்ப்பதுதான் அதிகம் நடக்கும். நடுவில் ரயில் போனால் யார் கத்துவதும் கேட்காது. அதனால் எங்கள் பெண்கள் அணி கைச்சாடையிலேயே பேசப் பழகியிருந்தது. வெளியிலிருந்து வந்த அணிகள் இதைப் பெரிய தந்திரம் என்று நினைத்துப் பயந்தார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

என் கூட்டாளி ஸின்மா, லத்தா பேட்டையில் இருந்தாள். அவள்தான் நான் கூடைப்பந்து ஆடுவதைத் தன் போனில் படம் பிடித்து, ஆங்கிலத்தில் கடிதமும் எழுதி, அமெரிக்காவில் கண்ணில் பட்ட கல்லூரிக்கெல்லாம் அனுப்பினாள். ஒரே ஒரு கல்லூரி பதில் போட்டது. கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு. உங்களுக்குச் சொல்வதற்கென்ன, அது டிவியில் காட்டாத பிரிவு. பந்து போடுவதற்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்பையும் வீட்டு நிலைமையையும் பார்த்து ஏதாவது தருவார்கள். எங்களுக்கு அதுவே ஆகாயம். பயிற்சியாளர் எழுதியிருந்தார்: இடம் ஒன்று, போட்டிக்கு நீங்களும் இன்னொரு பெண்ணும். உங்கள் பெற்றோரோடு பேச வேண்டும், வாரக் கடைசிக்குள் முடிவு சொல்கிறேன்.

பெற்றோர் என்றால் அம்மாதான். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா, பேசுகிற பொறுப்பை அம்மாவிடம் எப்போதோ ஒப்படைத்துவிட்டவர். அம்மாவோ கண்ணேறுக்குப் பயந்தவள். பெற்ற பிள்ளையைத் தாயே புகழ்ந்தால் விளங்காது என்று உறுதியாக நம்பியவள். யாராவது "பொண்ணு நல்ல உயரம்" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று சாயங்காலம் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டு மா ஏ தும்மிக்கொண்டே, "இன்னிக்கு யாரு பாராட்டுனாங்க?" என்று கேட்பாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீடியோவில் பயிற்சியாளர் வந்தார். அங்கே அவருக்கு சனிக்கிழமை சாயங்காலம். துணைக்கு ஸின்மாவும் வந்திருந்தாள். மொழிபெயர்ப்பது நான். உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

"என்னத்த சொல்றது சயா," என்று அம்மா ஆரம்பித்தாள். பர்மாவில் வாத்தியார் யாரானாலும் எங்களுக்கு சயாதான். "பெருசா ஒண்ணும் ஆடமாட்டா. இடது கை சுத்தமா வராது. காலைல எந்திரிக்கவே மாட்டா."

நான் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, இடது கைக்குத் தினமும் பயிற்சி செய்கிறேன், ஐந்து மணிக்கே எழுகிறேன் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும் என்று யார் கண்டது?

"நோ சயா!" என்று திரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "லெஃப்ட் ஹேண்ட் நோ குட். மார்னிங் நோ கெட்டப்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டார். பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, சரி, எது நன்றாக வரும் என்று கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நீ போயி சயாவுக்குத் தண்ணி கொண்டா."

"அவரு அமெரிக்காவுல இருக்காரும்மா."

"போடி!"

போனேன். குழாய்ச் சத்தத்தில், அம்மா பர்மியத்தில் ஏதோ சொல்வதும் ஸின்மா அதை ஆங்கிலத்தில் திருப்புவதும் மட்டும் தெரிந்தது. திரும்பி வருவதற்குள் பேச்சு முடிந்திருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டால் ஸின்மா உதட்டைப் பிதுக்கினாள். அம்மா சத்தியம் வாங்கிவிட்டாளாம். எல்லாம் கெட்டது என்று இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. சாப்பிட்டேன், பேசவில்லை. மூன்றாம் நாள் கடிதம் வந்தது. இடம் எனக்கே.

நான்கு வருஷம் ஆடினேன். பாதி நாள் பெஞ்சில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆட்டம் முடிந்த அன்று பயிற்சியாளர் என்னை உட்காரவைத்து, அம்மா அன்றைக்குச் சொன்னதைச் சொன்னார். "வேல முடிஞ்சு வர்றப்ப அவ ஆடுறத ரோட்டோரமா நின்னு பாப்பேன். அவளுக்குத் தெரியாது. கீழ விழுந்த பொண்ணு எந்த டீம் பொண்ணா இருந்தாலும், தூக்கி நிறுத்திட்டுத்தான் அடுத்து ஓடுவா. கூட்டிட்டுப் போங்க சயா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க." உடை மாற்றும் அறையில் போய் நன்றாக அழுதேன். தோற்றதற்காக என்று மற்ற பெண்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. இப்போது இரண்டு வார விடுப்பில் வந்திருக்கிறேன். சிமென்ட் தளத்தில் கார்கள் நிற்கின்றன. ஸின்மா பாங்காக்கில். மா ஏ வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

இன்று மத்தியானம் நான் சாம்பார் வைத்தேன். உப்பு கரித்தது. அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மோரை இழுத்துக்கொண்டார். அம்மா இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டு, "எம்பொண்ணு கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்றாள். என் முகத்துக்கு நேரேதான் சொன்னாள், சிரித்துக்கொண்டே.  வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளிகளை மட்டும்தான் அம்மா அப்படி முகத்துக்கு நேரே புகழ்வாள்.