ஊர்வலத்திலிருந்து நான் விலகிய அரைமணி நேரம்

தமிழ் பேசும் ஊர்களைப் பிரித்துக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த ஆண்டுகளில் நான் செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தேன். முப்பது வயதுகூட ஆகவில்லை. பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் மூன்று வருடமாக என் குடல் புண்பட்டுக் கிடந்தது. காலையில் நான்கு தடவை ஓட வேண்டும். மோசமான நாட்களில் எட்டு தடவை. சீதமும் இரத்தமுமாகப் போகும். வந்து உட்கார்ந்ததும் மறுபடி வயிற்றைப் பிசையும். மருந்து தந்த டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "கொஞ்ச நாள் அடங்கும், பிறகு வரும். இதோட வாழப் பழகிக்கிடும்."

பழகினேன். எந்த வழியில் போனாலும் எங்கே ஒதுங்கலாம் என்றுதான் முதலில் பார்ப்பேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியில் மரச்சீனிக் கிழங்கு நட்ட இரண்டு விளைகள், தண்ணீர் ஓடும் ஒரு தோட்டுக்கரை, கோயிலின் பின்மதில். பஸ்ஸில் ஏறுவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. வகுப்பில் பலகை நிறைய எழுதிப்போட்டு, பிள்ளைகள் குனிந்த நேரம் வெளியே நழுவுவேன். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்பார்கள், வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, வாயைத் திறந்து சொல்லவே கூச்சமாக இருந்தது.

அடுத்த வகுப்பு வாத்தியார் என் நண்பர். அவருக்குப் பேச்சு வரும், எனக்கு எழுத்து வரும். எங்கள் ஊர்களைத் தமிழ் பேசும் பகுதியோடு சேர்க்க வேண்டும் என்ற மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் நான்தான் எழுதினேன். அதைப் பாறசாலையில் அதிகாரியிடம் கொடுக்க ஊர்வலமாகப் போவது என்று முடிவானது. தடை இருந்தது.

"நீரு எனக்க பக்கத்தில நில்லும். மனுவ வாசிக்கது நீராக்கும்" என்றார் நண்பர்.

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் மனைவி கஞ்சித்தண்ணியை நீட்டினாள், வேண்டாம் என்றேன்.

"இந்த ஒடம்ப வச்சிட்டு எங்க போறிய? அவருட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"என்னண்ணு சொல்லது?"

அவள் கஞ்சித்தண்ணியைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.

வெயில் ஏறும்போது நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டோம். முதல் வரிசையில் நான், கையில் மனு. எல்லோரும் கோஷம் போட்டார்கள். எனக்குச் சத்தம் எழும்பவில்லை. அடிவயிற்றில் வலி வரத் தொடங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வளைவு வரை, அடுத்த மின்கம்பம் வரை என்று நடந்தேன். கழுத்து குளிர்ந்து வேர்த்தது. தூரத்தில் காக்கிச் சட்டைகள் ரோட்டை மறித்து நிற்பது தெரிந்தபோது, இனி ஒரு நிமிடம்கூடத் தாங்காது என்று ஆகிவிட்டது.

மனுவை நண்பர் கையில் திணித்தேன். "இதக் கொஞ்சம் பிடியும். இப்பம் வாறேன்."

"எங்க ஓய்? போலீசு முன்னால நிக்கது தெரியல்லியா?"

"இப்பம் வாறேன்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. பக்கத்துச் சந்தில் ஓடினேன்.

சந்தின் கடைசியில் ஒரு வீடு. முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் மலையாளக்காரி. என் முகத்தையும், வயிற்றைப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். வீட்டின் பின்னால் ஓலை மறைப்பைக் கைகாட்டி, "அங்ஙோட்டு பொய்க்கோ" என்றாள்.

நான் மறைப்புக்குள் இருந்தபோதுதான் ரோட்டில் விசில் ஊதியது. பிறகு அலறல், ஓடும் காலடிகள். எழுந்திருக்க முயன்றேன், வயிறு விடவில்லை. முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. "இங்ஙோட்டு ஆரெங்கிலும் வந்நோ?" என்று ஓர் ஆண்குரல் அதட்டியது. "இல்லா" என்றாள் அவள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன்.

வெளியே வந்தபோது ரோட்டில் செருப்புகள் சிதறிக் கிடந்தன. நண்பரின் கையை லத்தியால் அடித்து ஒடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

இரண்டு நாளில் பேச்சு பரவிவிட்டது. மனுவை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு, அடி விழுமுன் ஓடினவன். முன்பே தகவல் தெரிந்தவன். சாயாக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். நண்பரின் மனைவி என்னை வழியில் மறித்து, "அண்ணனுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பின்ன எதுக்கு ஓடினிய?" என் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரங்களில் நோய் இன்னும் முற்றியது. தின்றது எதுவும் தங்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினேன்.

நண்பர் காவலிலிருந்து வெளியே வந்ததும் பார்க்கப் போனேன். கையில் கட்டு இருந்தது. எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

"ஒரே ஒரு காரியம் சொல்லும்" என்றார். "ஒமக்கு ஆரு சொன்னா, போலீசு அடிக்கும்ணு?"

"ஆரும் சொல்லல்ல."

"பின்ன?"

சொல்லத்தான் போனேன். அதற்குள் வயிற்றை முறுக்கிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தேன். இவர் வீட்டில் எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. மானம் பார்க்க நேரமில்லை.

"வெளிக்குப் போணும். உடனே போணும். எங்கயாக்கும்?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். அவர் மனைவிதான் பின்வாசலைக் காட்டினாள். திரும்பி வரக் கால்மணி நேரமாயிற்று. வேட்டியில் கறை பட்டிருந்தது, மறைக்கவில்லை. நின்றபடியே மூன்று வருடக் கதையையும் சொன்னேன், இரத்தத்தையும் சேர்த்து.

கேட்டு முடித்ததும் நண்பருக்குக் கோபம்தான் வந்தது.

"இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஒம்மள முன்னால நிறுத்துவனா? ஊரெல்லாம் ஒம்மள ஒற்றன்ணு சொல்லுது. நானும் நம்பினேனே ஓய்!"

அவர் மனைவி உள்ளேயிருந்து அவருடைய வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். "மாத்திக்கிடுங்க அண்ணா" என்றாள்.

மறுநாள் நண்பரே சாயாக்கடையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சிரித்தார்கள். பல நாள் சிரித்தார்கள். நான் தாண்டிப் போகும்போது, "எலே, சாருக்கு வழி விடுலே" என்று யாராவது சத்தம் போடுவார்கள். காது எரியும். ஆனாலும் அந்தச் சிரிப்பைத் தாங்க முடிந்தது. கடையில் பேச்சு நின்றுபோவதைத்தான் தாங்க முடியவில்லை. வேலையும் போகவில்லை. தலைமையாசிரியர் பள்ளிக்கூடக் கக்கூஸுக்குப் பக்கத்து அறையை எனக்கு வகுப்பாகக் கொடுத்தார். நான் எழுந்து போகும்போது பக்கத்து வகுப்பு ஆசிரியை இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்வாள்.

கடைசியில் எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் கேரளப் பக்கமே நின்றது. நண்பர் எல்லையிலுள்ள பனச்சமூடு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வேலை தேடிக்கொண்டு போனார். நான் இங்கேயே இருந்தேன். நோயும் என்னோடு இருந்தது, அடங்கியும் எழுந்தும். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே கேட்டுவிடுவேன், பின்பக்கம் எங்கே என்று.

விசேஷங்களுக்கு நண்பரைப் பார்ப்பதுண்டு. அவருடைய வலது கை கடைசிவரை முழுதாக நீளவில்லை. சாப்பிடும்போது தலையைத் தாழ்த்தித்தான் உருண்டையை வாயில் போடுவார். அந்தக் கையைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.