நான் திருத்திய வினைச்சொல்

திருமணமான இரண்டாம் மாதம் ஸ்ரீவைகுண்டம் கோவிலுக்குப் புறப்பட்டோம். தூத்துக்குடியில் பஸ் ஏறியதும் என் கணவர் ஜன்னல் ஓர இருக்கையில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். எனக்காகத்தான் என்று பூரித்துப்போய் உட்காரப் போனேன். அப்போது, பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கம் சொல்வதுபோலச் சொன்னார்: “அவளுக்குத் தலை சுத்துது. ஜன்னல் ஓரந்தான் வேணுங்கா.”

எனக்குப் பஸ்ஸில் தலை சுற்றியதே இல்லை. அவள் என்றால் அவருடைய முதல் மனைவி. இறந்து மூன்று வருடமாகியிருந்தது. நானோ முத்தையாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் இலக்கணத்தில் முக்காலமும் நடத்துகிறவள். செத்துப்போனவளுக்கு எப்படித் தலை சுற்றும்? அவருடைய சட்டை, சமையலறை டப்பாக்கள், பீரோவின் கீழ்த்தட்டு எல்லாவற்றையும் என்னுடையதாக்கிக்கொண்டிருந்தேன். நிகழ்காலத்தை மட்டும் அவள் விடவில்லை. “சுத்துச்சுன்னு சொல்லுங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பிழையில்லாமல் பேசினார். அவளைப் பற்றி யாராவது கேட்டால் ‘இருந்தா’, ‘சொன்னா’ என்று முடிப்பார். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துக்கொள்வார். பதினோரு வருடம் அந்த ஒரு கணத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என்னைப் பற்றிப் பேசும்போது அவர் எதற்கும் நின்றதில்லை.

போன வருடம், துறைமுகத்தில் கிரேனை விட்டு இறங்கி வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. முப்பதாம் நாளுக்கு முதல் மனைவியின் தங்கை வேம்பாரிலிருந்து வந்திருந்தாள். நல்ல பெண், பாத்திரமெல்லாம் கழுவிக் கொடுத்தாள். புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னாள்: “எங்க அக்கா இத்தன வருசமா அத்தானத் தேடிக்கிட்டு இருந்திருப்பா. இனும ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பாக.”

இருப்பாக. எதிர்காலமும் அவர்களுக்கே போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ‘இருந்தார்’ என்ற ஒன்றைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். அவள் போன பிறகு, கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் பள்ளிக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள். மதியச் சாப்பாட்டின்போது, வீட்டில் சார் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டாள்.

“ஹார்பர்ல கிரேன் ஓட்டுறாக” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் தன் டப்பாவைத் திறந்தாள். எதிரே இருந்த கணக்கு டீச்சர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். முப்பதாம் நாளுக்கு வீட்டுக்கு வந்தவர்தான். பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார். எதையும் திருத்தவில்லை.