டீ முடிந்ததும் நின்றுபோன சர்வர்

இரண்டு வருடத்துக்கு முன், நல்லூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு தையல் மேஜையிலும் ஒரு ஸ்கேனர் இருக்கும். தைத்த பனியன் கட்டின் சீட்டை அதில் காட்டினால்தான் பேக்கிங்குக்குப் போகும். அத்தனை ஸ்கேனருக்கும் ஒரே லினக்ஸ் சர்வர்.

ஒரு நாள் மதியம் புது தையல் வரிசைகளையும் சேர்த்து ஓட்டினார்கள். சாயந்திர டீ முடிந்ததும் ஸ்கேனர்கள் நின்றுவிட்டன. திறந்த ஃபைல்கள் அதிகம் என்றது சர்வர். ஒவ்வோர் இணைப்பும் லினக்ஸுக்கு ஒரு திறந்த ஃபைல். எங்கள் புரோகிராமுக்கு 1024தான் வரம்பு. அப்போதைக்கு ரீஸ்டார்ட் செய்து ஓட்டிவிட்டு, அன்றைய வேலை முடிந்ததும் வரம்பை உயர்த்தி எழுதி, சர்வரை மறுபடி ரீஸ்டார்ட் செய்தேன். என் திரை புது எண்ணைக் காட்டியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை டீ முடிந்ததும் மறுபடி அதே கதை. என் வேலையில் தப்பிருக்கும் என்று தோன்றவே இல்லை. ஆறாவது வரிசையில், பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா ஸ்கேனரைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தார். இவர் அமுக்குவதால்தான் சர்வர் திணறுகிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் அந்த அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார்.

அந்த அக்கா அழவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஏனுங்க, டீக்கு முன்னாலயும் இதே கையிலதானுங்க அமுக்குனேன். அப்ப நிக்கலீங்களே? மணி அடிச்சா எல்லாரும் மேஜை சுவிட்சை அணைச்சுப்போட்டுத்தானுங்க போறோம். திரும்பி வந்து போட்டாத்தான் நிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. சுவிட்சை அணைத்தால் ஸ்கேனர் நின்றுவிடும். சர்வரோ பழைய இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். டீ முடிந்து வந்ததும் அதன்மேல் அத்தனையும் புதிதாகச் சேரும். ஆனால் நான்தான் வரம்பை உயர்த்திவிட்டேனே?

சாயந்திர டீ வரை பொறுக்கும்படி சூப்பர்வைசரிடம் கெஞ்சிவிட்டு உட்கார்ந்தேன். காரணம் தெரியாமல் எழுவதில்லை என்று முடிவு. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் வரம்பையே நேராகப் பார்த்தேன். அதே 1024! நான் உயர்த்தியது என்னைப் போல லாகின் செய்பவர்களுக்கு மட்டும்; என் திரை காட்டியதும் அதைத்தான். யாரும் லாகின் செய்யாமலே சர்வீஸாகத் தானே கிளம்பும் புரோகிராமுக்கு அதன் சர்வீஸ் ஃபைலில் எழுத வேண்டும். எழுதி, ரீஸ்டார்ட் செய்து, ஓடுகிற புரோகிராமிலேயே எண்ணைச் சரிபார்த்தேன். செத்த இணைப்புகள் தாமாக மூடிக்கொள்ளவும் வழி செய்தேன். சாப்பாட்டு மணி அடித்தது காதில் விழுந்ததோடு சரி, எழுந்து போகவில்லை.

நாலு மணிக்கு டீ. மேஜை சுவிட்சுகளை அணைத்துப் போனார்கள், வந்து மறுபடி போட்டார்கள். ஒரு ஸ்கேனர்கூட நிற்கவில்லை. அந்த அக்காவின் மேஜைக்குப் போய், சூப்பர்வைசரையும் வைத்துக்கொண்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "தப்பு என்னோடதுங்க. மன்னிச்சுக்குங்க." சூப்பர்வைசரும், "நாளைக்கும் வந்துருங்க" என்றார்.

"சரீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கட்டு காத்துக்கிட்டிருக்குது" என்றார் அந்த அக்கா.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். யார்மேலாவது பழி போட வாய் திறக்கும்போதெல்லாம், அன்று ஒருவர் பிழைப்பில் மண் போட இருந்தேனே என்று நெஞ்சு பதறுகிறது; வாயை மூடிக்கொண்டு முதலில் என் வேலையைத் திறந்து பார்க்கிறேன்.